ஏசி பைப் ஓட்டைல வௌவால்: பெங்களூரு வீட்டுல என்ன பண்ணணும், என்ன பண்ணவே கூடாது

கேரளால வௌவால்கிட்ட இருந்து வர்ற நிபா வைரஸ்னு ஒரு நியூஸ் வந்தா போதும், பெங்களூரு அப்பார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்ல வௌவால் பேச்சு ஆரம்பிச்சிடும். 2018ல கோழிக்கோடு பக்கம் 17 பேர் இறந்தப்போ அப்படித்தான், 2024 செப்டம்பர்ல மலப்புரத்துல நிபால இறந்த மாணவர் பெங்களூருல படிச்சுட்டு இருந்தவர்னு தெரிஞ்சதும் பயம் இன்னும் கிட்ட வந்துடுச்சு. அதோட வரிசையா கேள்வி: டக்டுக்குள்ள ஏதோ கீச்கீச்னுது, பெஸ்ட் கன்ட்ரோல் ஆளைக் கூப்பிடவா, ஓட்டையை இன்னைக்கே சிமெண்ட் வெச்சு அடைச்சிடவா, பக்கத்து மரத்தை வெட்டச் சொல்லி கார்ப்பரேஷனுக்கு எழுதவா?

சுருக்கமா பதில் சொல்லணும்னா, மருந்து வேண்டாம், மரத்தை விட்டுடுங்க, ஓட்டையை அடைக்கணும்தான் ஆனா அது கடைசி வேலை. வௌவால் பிரச்சனைன்னு நாம சொல்றது பெரும்பாலும் கட்டடத்துல இருக்கற ஓட்டையோட பிரச்சனை, உள்ள இருக்கறதுங்க தானா வெளிய போற வரைக்கும் பொறுத்து அப்புறம் அடைச்சா அதோட முடிஞ்சுது. அவசரப்பட்டு பகல்ல அடைச்சாதான் நாத்தம், புழு, ராத்திரி பெட்ரூம்ல வௌவால்னு எல்லாக் கூத்தும் வரும். ஏன் அப்படின்னு அடிப்படைல இருந்து பார்க்கலாம்.

முதல்ல, வந்திருக்கறது எந்த வௌவால்?

இந்தியால நூத்தி இருபதுக்கும் மேல வௌவால் இனங்கள் இருக்கு. வீட்டுக்காரருக்கு அதுல ரெண்டு கட்சி தெரிஞ்சா போதும்.

1. பழந்தின்னி. நாய் மாதிரி நீள மூஞ்சி, பெரிய கண்ணு. இதுல பெரியது பறக்கும் நரி, றெக்கையை விரிச்சா ஒரு மீட்டருக்கு மேல வரும், எடை ஒரு கிலோவையும் தாண்டும், பெரிய மரங்கள்ல திறந்தவெளில கூட்டமா தொங்கும், வீட்டுக்குள்ள குடியிருக்க வராது. சின்னது குட்டைமூக்குப் பழந்தின்னி, ஐம்பது கிராம் சுமாருக்கு இருக்கும், நெட்டிலிங்க மரத்துலயும் பனை ஓலைக்கு அடியிலயும் தங்கும். ராத்திரி உங்க பால்கனில வந்து தொங்கிக்கிட்டு பழம் தின்னு சுவரை நாறடிக்கறது பெரும்பாலும் இதுதான்.

2. பூச்சித்தின்னி. கண்ணு சின்னது, ராத்திரி காதுக்கு எட்டாத சத்தம் போட்டு அது திரும்பி வர்ற எதிரொலியை வெச்சு பூச்சி பிடிக்கும். நகரத்துல வீட்டு இடுக்குல குடியிருக்கறது பெரும்பாலும் பிபிஸ்ட்ரெல்னு சொல்ற சின்ன வகை, எடை ஒரு டீஸ்பூன் சர்க்கரை அளவுதான். மஞ்சள் வயித்து வீட்டு வௌவால்னு இன்னொண்ணு, கொஞ்சம் பெரிசு.

ஆக நியூஸ்ல வர்ற வௌவால் வேற, உங்க ஏசி ஓட்டைல இருக்கற வௌவால் வேற. இந்த ஒரு விஷயம் புரிஞ்சாலே பாதி பயம் குறையும்.

எச்சத்தைப் பார்த்தா ஆளு யாருன்னு தெரியும்

வௌவாலை நேர்ல பார்க்காமலே கண்டுபிடிக்க முடியும். ஜன்னல் சன்ஷேடு மேலயோ பால்கனித் தரையிலயோ கறுப்பா அரிசி மணி சைஸ்ல ஏதாவது கிடந்தா ஒரு பேப்பர்ல எடுத்து குச்சியால அமுக்குங்க, கையால வேண்டாம். பொலபொலன்னு பொடியாகி அதுக்குள்ள மினுமினுன்னு பூச்சி றெக்கைத் துணுக்கு தெரிஞ்சா பூச்சித்தின்னி வௌவால். காஞ்சு கெட்டியா இருந்து பொடியாகலன்னா எலி. ஒரு முனைல வெள்ளையா இருந்தா பல்லி, அதுக்கு இந்தக் கட்டுரை வேண்டாம்.

சுவர்ல பழுப்பும் மஞ்சளுமா தெறிச்ச கறை, கீழ பாதி கடிச்ச பாதாம் காய், சக்கையை மென்னு உருட்டித் துப்பின உருண்டை, பொடிப்பொடி விதைன்னு இருந்தா பழந்தின்னி. பெங்களூருல தெருவுக்குத் தெரு நிக்குமே கசகசே மரம், பசங்க கல்லடிச்சுத் தின்னுற அந்தச் சின்னச் சிவப்புப் பழம், அதுவும் நாட்டு பாதாமும் இருக்கற தெருவுல இந்தக் கறை சகஜம்.

இன்னொரு அடையாளம் ஓட்டை வாயில இருக்கும். தினமும் ஒரே இடத்துல உரசிப் போறதால சுவர் விளிம்புல எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி கறுப்பா வழவழன்னு ஒரு கறை படிஞ்சிருக்கும், அதுக்கு நேர் கீழ சுவர்ல எச்சம் ஒட்டியிருக்கும். ரெண்டும் சேர்ந்து இருந்தா அதுதான் வாசல், வேற தேட வேண்டாம்.

நம்ம வீட்டுக்கு ஏன் வருது?

வௌவாலுக்கு எலி மாதிரி கொறிக்கற பல்லு கிடையாது, பறவை மாதிரி கூடும் கட்டாது. ஏற்கனவே இருக்கற இடுக்கு, பகல்ல இருட்டு, காத்தடிக்காத கதகதப்பு, பூனை எட்டாத உயரம், இவ்வளவுதான் அதோட தேவை. கட்டைவிரல் நுழையற இடுக்கு இருந்தா சின்ன வௌவாலுக்கு அது ராஜவாசல், அரை இன்ச் போதும்.

பெங்களூருல இதுக்குப் பஞ்சமே இல்ல. ஏசி மாட்டறவர் டிரில் போட்டு பைப்பை விட்டுட்டு சுத்தி அடைக்காமப் போயிடுவார். ரெண்டு பிளாக் சேர்ற இடத்துல விடற எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட்ல பட்டி உதிர்ந்திருக்கும். டக்ட், கீஸர் பைப் ஓட்டை, கடை ஷட்டர் சுருள்ற பெட்டி, ஹோர்டிங் பின்பக்கம், எல்லாமே இடம்தான். அல்சூர், காக்ஸ் டவுன், ஃப்ரேசர் டவுன் பக்கம் மிச்சம் இருக்கற பழைய மங்களூர் ஓட்டு வீடுகள்ல ஓட்டுக்கும் கீழ இருக்கற பலகைக்கும் நடுவுல ஒரு ஊரே குடியிருக்கலாம்.

இதுல நமக்கு சாதகமான விஷயமும் இருக்கு. கொறிக்கத் தெரியாததால ஓட்டையை ஒரு தடவை ஒழுங்கா அடைச்சிட்டா வௌவால் அதைத் திறந்துக்கிட்டு வராது, எலியோட தினம் போராடற மாதிரி இதோட போராட வேண்டியதே இல்ல.

நோய் பயம்: எது நிஜம், எவ்வளவு நிஜம்

இங்கதான் குழப்பம் அதிகம், அதனால கொஞ்சம் விரிவாவே பார்ப்போம்.

நிபா. முதன்முதலா 1998-99ல மலேசியால கண்டுபிடிச்சாங்க, இந்தியால 2001ல மேற்கு வங்கத்துல சிலிகுரி, 2007ல அதே மாநிலத்துல நாடியா, 2018ல இருந்து கேரளால திரும்பத் திரும்ப. இந்த வைரஸை உடம்புல வெச்சுக்கிட்டு தனக்கு ஒண்ணும் ஆகாம இருக்கறது முக்கியமா பறக்கும் நரி. கர்நாடகா உட்பட பல மாநிலத்துல இந்த வௌவால்கள் கிட்ட நிபாவுக்கான எதிர்ப்புப் பொருள் இருக்கறதை புனே வைராலஜி நிறுவனம் பார்த்திருக்கு, அதாவது எப்பவோ அந்த வைரஸ் அதுங்க உடம்புக்குள்ள போயிட்டு வந்திருக்கு. மனுஷனுக்கு வர்ற வழி, வௌவாலோட எச்சில், மூத்திரம் பட்ட உணவு. பங்களாதேஷ்ல திறந்த பானைல இறக்கின பச்சை ஈச்சங்கள் வழியா வந்தது நிறைய. அதுக்கப்புறம் நோயாளிகிட்ட இருந்து கவனிச்சுக்கறவங்களுக்கு, ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு. கோழிக்கோட்டுல 2018ல பெரும்பாலானவங்களுக்கு அப்படித்தான் பரவுச்சு.

ஆக உங்க வீட்டளவுல நிபாவுக்கான ஜாக்கிரதைன்னா கடிச்ச பழத்தைத் தொடாதது, கீழ விழுந்த பழத்தை பசங்க தின்னாம பார்த்துக்கறது, வாங்கின பழத்தை நல்லா கழுவித் தோல் சீவறது, தண்ணித் தொட்டியை மூடி வெக்கறது. சுவர் இடுக்குல இருக்கற அஞ்சு கிராம் பூச்சித்தின்னியைக் கொன்னா நிபா அபாயம் குறையும்னு நினைக்கறது அட்ரஸ் மாத்திக் கடுதாசி போடற வேலை. பறக்கும் நரி இருக்கற மரத்தை வெட்டறதும் உதவாது, கூட்டம் கலைஞ்சு நாலு இடத்துக்குப் போகும், வௌவாலுக்கு பசியும் அலைச்சலும் ஜாஸ்தியானா வைரஸை வெளிய தள்றதும் ஜாஸ்தியாகலாம்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க.

ரேபிஸ். இந்தியால ரேபிஸ்னா கிட்டத்தட்ட எல்லாமே நாய்க்கடிதான். அமெரிக்கால வௌவால் பெரிய காரணம், அதனால அங்க எழுதறதைப் படிச்சுட்டு நம்மூர்ல பதறுவாங்க. ஆனா பக்கத்து இலங்கைலயே பறக்கும் நரிகிட்ட ரேபிஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரஸ் கிடைச்சிருக்கு, அதனால அலட்சியம் வேண்டாம். வௌவால் கடிச்சாலோ கீறினாலோ உடனே ஓடற தண்ணில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க, அன்னைக்கே டாக்டரைப் பாருங்க, வௌவால்னு தெளிவா சொல்லுங்க. உலக சுகாதார நிறுவனம் வௌவாலோட நேரடித் தொடர்பை அதிக ஆபத்துள்ள மூணாவது வகைல வெச்சிருக்கு, தடுப்பூசி எப்படிப் போடணும்னு முடிவு பண்றது டாக்டர் வேலை. பல்லு ரொம்பச் சின்னது, கடி ஊசி குத்தின மாதிரிதான் தெரியும். தூங்கற குழந்தை பக்கத்துல வௌவாலைப் பார்த்தா காயம் தெரியலைன்னாலும் காட்டிடுங்க. வெறுங்கையால எப்பவும் தொடாதீங்க, அவ்வளவுதான் விதி.

எச்சத் தூசி. பெருசா யாரும் பேசாத, ஆனா வீட்டுக்காரருக்கு நிஜமாவே சம்பந்தம் உள்ள விஷயம் இது. நாள்பட்டுக் குமிஞ்ச வௌவால் எச்சத்துல ஹிஸ்டோபிளாஸ்மான்னு ஒரு பூஞ்சை வளரலாம், காஞ்சதைக் கூட்டறப்போ தூசியோட நுரையீரலுக்குப் போகும். நாலு எச்சத்துக்கு பயப்பட வேண்டாம். பரண்ல, ஃபால்ஸ் சீலிங் மேல மூட்டையா சேர்ந்திருந்தாதான் கவலை, அதுவும் ஆஸ்துமா இருக்கறவங்க, எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க அந்த வேலையைத் தொடவே கூடாது.

இன்னொண்ணும் சொல்லிடணும், வௌவால் கறி ஆஸ்துமாக்கு நல்லதுன்னு நம்ம ஊர்ப் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. அது குணமாக்கும்கறதுக்கு ஆதாரம் எதுவும் இல்ல, பிடிக்கறப்பயும் அறுக்கறப்பயும் வர்ற ஆபத்து நிஜம்.

சட்டம் என்ன சொல்லுது?

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல பழந்தின்னி வௌவாலை ரொம்ப வருஷம் எலி, காக்காயோட சேர்த்து வெர்மின், அதாவது தொல்லை உயிரினம்னு அஞ்சாவது அட்டவணைல வெச்சிருந்தாங்க, யார் கொன்னாலும் கேக்க ஆள் இல்ல. 2022ல சட்டத்தைத் திருத்தினப்போ அந்த அட்டவணையையே தூக்கிட்டாங்க, 2023 ஏப்ரல் 1ல இருந்து அமல். பறக்கும் நரி இப்போ ரெண்டாவது அட்டவணைல பாதுகாக்கப்பட்ட உயிரினம். "அது வெர்மின் சார், அடிக்கலாம்"னு இன்னும் சொல்ற ஆள் பழைய சட்டத்தைச் சொல்றார்.

எல்லா வௌவால் இனமும் ஒரே அட்டவணைல இல்ல, ஆனா வீட்டுல இருக்கறது எந்த இனம்னு தெரியாம மருந்து அடிக்கறவர்தான் ரிஸ்க் எடுக்கறார். எந்த உயிரினத்தையும் வதைச்சுக் கொல்றதை 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டமும் குத்தம்னுதான் சொல்லுது. கர்நாடகாக்கு இதுல தனிப் பொறுப்பும் உண்டு: கோலார் மாவட்டம் ஹனுமனஹள்ளி குகைல மட்டுமே வாழற ஒரு இலைமூக்கு வௌவால் இருக்கு, இப்போ உலகத்துல வேற எங்கயும் இருக்கறதா தெரியல. அது உங்க வீட்டுக்கு வரப் போறதில்ல, ஆனா வௌவாலுக்குள்ளயும் அருமையானது உண்டுன்னு தெரிஞ்சிருக்கட்டும்.

குட்டி இருக்கான்னு பார்க்காம ஆரம்பிக்காதீங்க

இன்டர்நெட்ல தேடினா "மே முதல் ஆகஸ்ட் வரை அடைக்காதே, குளிர்காலத்துல உறங்கும், அப்பவும் அடைக்காதே"ன்னு வரும். அது குளிர் நாட்டுக் கணக்கு, பெங்களூருக்கு அப்படியே எடுத்துக்கிட்டா தப்பாயிடும். இங்க பனி பெய்யறதில்ல, மாசக்கணக்கா தூங்கற வழக்கமும் இல்ல. குட்டைமூக்குப் பழந்தின்னி வருஷத்துக்கு ரெண்டு தடவை குட்டி போடும். பிபிஸ்ட்ரெல் ஒரு தடவைக்கு மேலயும் போடும், ஒரே பிரசவத்துல ரெண்டு குட்டியும் சகஜம். காலண்டரைப் பார்த்து "இந்த மாசம் சேஃப்"னு சொல்ல முடியாது, ஓட்டையைத்தான் பார்க்கணும்.

எப்படின்னா, சாயங்காலம் பெரியதுங்க எல்லாம் கிளம்பிப் போனப்புறம் கால் மணி நேரம் கழிச்சு ஓட்டைக்குக் கீழ சத்தமில்லாம நில்லுங்க. உள்ள இருந்து விடாம மெல்லிசா கீச்கீச்னு கேட்டா அது அம்மா வெளிய போனதால கத்தற குட்டி. எட்டற உயரம்னா டார்ச்சை ரெண்டே செகண்ட் அடிச்சுப் பாருங்க, ரோமம் இல்லாம ரோஸ் கலர்ல ஒட்டிக்கிட்டு இருந்தா சந்தேகமே வேண்டாம். அப்போ வேலையைத் தள்ளிப் போடுங்க, ஆறு வாரம் போல விட்டுட்டு மறுபடி பாருங்க, அதுக்குள்ள பறக்கப் பழகிடும். இதைப் பார்க்காம வழியை அடைச்சா குட்டி உள்ள பட்டினில செத்துடும், தாய் வெளிய இருந்து வேற ஓட்டை தேடும், அந்த வேற ஓட்டை உங்க பாத்ரூம் எக்ஸாஸ்டா இருக்கலாம்.

வெளிய அனுப்பற முறை

இதுக்குப் பேரு ஒருவழிக் கதவு. வௌவால் வெளிய வரலாம், திரும்ப உள்ள போக முடியாது, அவ்வளவுதான் தத்துவம். பிடிக்கவும் வேண்டாம் துரத்தவும் வேண்டாம்.

1. ரெண்டு மூணு சாயங்காலம் வேவு பாருங்க. சூரியன் மறைஞ்சு வெளிச்சம் மங்கற நேரத்துல, பெங்களூருல ஆறரை ஏழு வாக்குல, கட்டடத்தோட ஒவ்வொரு பக்கமும் ஒரு ஆள் நிக்கணும். ஓட்டை வாயில முதல்ல ஒரு சின்ன மூஞ்சி தெரியும், கொஞ்சம் தயங்கும், அப்புறம் கல்லு விழற மாதிரி ஒரு அடி கீழ விழுந்து அங்கிருந்து றெக்கையை விரிச்சுப் போயிடும், கண்ணு சிமிட்டினா தவறிடும். எந்த ஓட்டைல இருந்து எத்தனைன்னு எழுதி வெச்சுக்கோங்க.

2. வௌவால் பயன்படுத்தாத மத்த இடுக்கெல்லாம் முதல்ல அடைச்சிடுங்க, இல்லன்னா பக்கத்து ஓட்டைக்கு ஷிஃப்ட் ஆயிடும். போக்குவரத்து இருக்கற ஓட்டையை மட்டும் விட்டு வைங்க.

3. ரெண்டு இன்ச் பிவிசி பைப்ல ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூட வெட்டி, ஓட்டை வாயில லேசா கீழ சாய்ஞ்ச மாதிரி மாட்டுங்க. உள்பக்கம் வழவழன்னு இருக்கணும், அப்போதான் நகம் பிடிச்சு ஏறி வராது. வெளி முனைல மெல்லிசான பிளாஸ்டிக் கவரை ரெண்டு பக்கமும் திறந்த குழாயா மாட்டிவிட்டா வெளிய வர்றப்போ விரியும், அப்புறம் சுருங்கித் தொங்கிடும். பைப்பைச் சுத்தி இருக்கற சந்தை துணியோ ஃபோமோ வெச்சு அடைங்க.

4. எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட் மாதிரி நீளமான இடுக்குக்கு பைப் சரிப்படாது, வலை போடணும். கண்ணி ரொம்பச் சின்னதா இருக்கற கொசுவலைத் துணியே போதும். மேல் பக்கமும் ரெண்டு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்க, கீழ் பக்கம் திறந்தே இருக்கணும், ஓட்டைக்குக் கீழ ஒன்றரை ரெண்டு அடி தொங்கணும். வௌவால் சுவரோட ஊர்ந்து கீழ வந்து விழுந்து பறந்திடும். திரும்ப வர்றப்போ நேரா ஓட்டை இருந்த இடத்துலயே வந்து முட்டும், கீழ சுத்தி வரணும்னு அதுக்குத் தோணாது. பெரிய கண்ணி இருக்கற நைலான் வலை போட்டா றெக்கை சிக்கிடும்.

5. அஞ்சுல இருந்து ஏழு ராத்திரி விடுங்க. மழை கொட்டற நாள்ல பல வௌவால் வெளிய வராது, அதனால செப்டம்பர் அக்டோபர் அடைமழைல பண்ணினா இன்னும் சில நாள் கூட்டிக்கோங்க.

6. மறுபடி சாயங்காலம் நின்னு பாருங்க. ரெண்டு நாள் தொடர்ந்து ஒண்ணுமே வரலன்னா அப்புறம்தான் பைப்பைக் கழட்டிட்டு நிரந்தரமா அடைக்கணும். சின்ன இடுக்குக்கு சிலிகான், பெரிசுக்கு கம்பி வலை வெச்சு மேல சிமெண்ட். ஏசிக்காரங்க அடிக்கற ஃபோம் மட்டும் போட்டா வௌவால் வராது, ஆனா எலி அதைக் கொறிச்சு ஓட்டை போடும், அந்த ஓட்டைல மறுபடி வௌவால் வரும்.

உயரத்துல வேலைன்னா ஏணி வெச்சு நீங்களே ஏறாதீங்க, கயிறு கட்டி வெளிச்சுவர் பெயிண்ட் அடிக்கறவங்ககிட்ட இந்த முறையைச் சொல்லிக் கொடுத்தா செஞ்சிடுவாங்க. வாடகை வீடுன்னா செலவு ஓனரோடது, ஓட்டை கட்டடத்துலதானே இருக்கு.

ஓட்டு வீட்டுக்கு இது எதுவும் முழுசா வேலை செய்யாது, இடுக்கு நூத்துக்கணக்குல இருக்கும். அங்க நடைமுறைல முடியற காரியம், வௌவால் இருக்கற இடத்தையும் மனுஷன் இருக்கற இடத்தையும் பிரிக்கறது. ஓட்டுக்குக் கீழ இடைவெளி இல்லாம சீலிங் போட்டு, அதுக்கு மேல எச்சம் விழறதுக்கு ஒரு ஷீட் விரிச்சு, வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் போட்டா சேர்ந்தே இருக்கலாம்.

இதெல்லாம் பண்ணவே பண்ணாதீங்க

ரசக்கற்பூர உருண்டை: காத்தோட்டமான இடத்துல வௌவாலை விரட்ட நாலு உருண்டை போதாது, கிலோ கணக்குல போட்டா அந்த ஆவி முதல்ல உங்களுக்குத்தான் ஆபத்து. அதுவும் ஜி6பிடிங்கற நொதி பிறவிலயே குறைவா இருக்கற குழந்தைக்கு ரத்த அணுக்களே உடையும். அல்ட்ராசானிக் மெஷின்: பிளக்கில சொருகினா ஓடிடும்னு ஆன்லைன்ல விக்கறாங்க, வௌவாலை விரட்டும்னு நம்பறதுக்கு ஆதாரம் இல்ல, காசு தண்டம். பசை அட்டை: றெக்கைத் தோலும் ரோமமும் ஒட்டி மணிக்கணக்கா துடிச்சுச் சாகும், இதைவிடக் கொடுமை கிடையாது. புகை போடறது, கந்தகம் கொளுத்தறது: டக்டுக்குள்ள புகை போட்டா மேல் மாடிக்காரர் வீட்டுக்குத்தான் போகும், குட்டியால எங்கயும் போக முடியாது. பூச்சி மருந்து: உடனே சாகாது, தள்ளாடி தரைல வந்து விழும், அந்த நிலைமைலதான் குழந்தை தொடும், நாய் கவ்வும்.

ரூமுக்குள்ள ஒண்ணு நுழைஞ்சுட்டா

இது தனிக் கேஸ், பூச்சியைத் துரத்திக்கிட்டு வழி தவறி வந்தது. முதல் வேலை ஃபேனை ஆஃப் பண்றது. நம்ம வீடுகள்ல உள்ள வந்த வௌவாலைக் கொல்றது பெரும்பாலும் சீலிங் ஃபேன்தான். அடுத்து மத்த ரூமுக்குப் போற கதவை சாத்துங்க, வெளிய திறக்கற ஜன்னல், பால்கனிக் கதவு எல்லாத்தையும் முழுசா திறங்க, கொசுவலை ஃபிரேம் இருந்தா அதையும். லைட்டை அணைச்சுட்டு ரூமை விட்டு வெளிய வந்துடுங்க. தலை முடில வந்து சிக்கும்கறது கட்டுக்கதை, தாழ வர்றது திரும்பறதுக்கு இடம் தேடறதால. பெரும்பாலும் அரை மணிக்குள்ள போயிடும். துடைப்பம், கொசு பேட், துண்டு, எதையும் வீசாதீங்க, றெக்கை எலும்பு தீக்குச்சியை விட மெல்லிசு.

தரைல விழுந்து கிடந்தா, பல வௌவாலால தரைல இருந்து சட்டுனு எழும்ப முடியாது. தடியான கிளவுஸ் போட்டுக்கிட்டு அட்டைப் பெட்டியைக் கவுத்து, கீழ ஒரு அட்டையைச் சொருகி எடுங்க. உள்ள ஒரு துணி போட்டு மூடி, காத்துக்கு பொடி ஓட்டை போட்டு, இருட்டினதும் மரத்தண்டுலயோ கரடுமுரடான சுவர்லயோ தோள் உயரத்துல விடுங்க. பால் கொடுக்காதீங்க. பறக்கலன்னா, அடிபட்டிருந்தா, தனியா குட்டி கிடைச்சா வனத்துறைக்கோ கெங்கேரியில இருக்கற பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் வனவிலங்கு மருத்துவமனைக்கோ சொல்லிடுங்க.

பால்கனிக் கறைக்கு என்ன வழி?

பழந்தின்னி அங்க குடியிருக்கல, ஹோட்டலுக்கு வர்ற மாதிரி வந்து போகுது. பழத்தை மரத்துல இருந்து பறிச்சு, ஆந்தைக்கு பயந்து பக்கத்துல ஒதுக்குப்புறமான இடத்துல தொங்கிக்கிட்டு தின்னும், சாறை முழுங்கி சக்கையைத் துப்பும், தின்னது அரை மணிக்குள்ள வெளிய வந்துடும். அதனால இங்க ஒருவழிக் கதவெல்லாம் தேவையில்ல, தொங்க முடியாம பண்ணினா போதும். அது நகம் மாட்டற இடத்தைப் பகல்ல பாருங்க, சீலிங்ல சொரசொரப்பான மூலை, ஒயர், கொக்கி, துணிக்கொடின்னு ஏதாவது இருக்கும். அங்க வழவழப்பான பிவிசி ஷீட்டை ஒட்டிட்டா பிடி கிடைக்காது. புறாவுக்குப் போடற வலை இழுத்துக் கட்டியிருந்தா இதையும் தடுக்கும், தொளதொளன்னு இருந்தா சிக்கிக்கும். கறையைக் காய விடாம காலைலயே தண்ணி ஊத்திக் கழுவினா போயிடும், வெயில் பட்டுக் காஞ்சா பெயிண்டோடதான் வரும். பழ சீசன் முடிஞ்சா வரவும் குறையும்.

அப்போ கொசுவைத் தின்னுமே, விட்டு வெச்சுக்கலாமா?

பூச்சித்தின்னி ஒரு ராத்திரில தன் எடைல பாதி அளவுக்குக்கூட பூச்சி தின்னும், அதுல கொசுவும் உண்டு. ஆனா "மணிக்கு ஆயிரம் கொசு"ன்னு சுத்தற கணக்கு, ஆய்வுக்கூடத்துல கொசுவைக் கூட்டமா விட்டு சில நிமிஷம் பார்த்து பெருக்கினது. பெங்களூருல நமக்கு வில்லன் டெங்கு கொசு, அது பகல்ல கடிக்கும், வௌவால் ராத்திரி ஷிஃப்ட். டெங்குக்காக வௌவால் வளர்க்க முடியாது, பூந்தொட்டித் தட்டுத் தண்ணியைக் கொட்டறதுதான் வழி. அதே சமயம் யாருக்கும் இடைஞ்சல் இல்லாத வெளிச்சுவர் இடுக்குல நாலஞ்சு பிபிஸ்ட்ரெல் இருந்தா எதுக்கு மெனக்கெடணும், கீழ ஒரு பலகை அடிச்சு எச்சத்தைப் பிடிச்சுக்கிட்டா போதும்கறது என் கருத்து. ஏசி வழியா நாத்தம் வருது, பெட்ரூமுக்குள்ள நுழையுது, ஆஸ்பத்திரி, சமையல்கட்டு மாதிரி இடம்னா மட்டும் அனுப்பி வைங்க.

சுத்தம் பண்றப்போ

வௌவால் போய் ஓட்டை அடைச்சப்புறம்தான் இது. ஃபேனை நிறுத்துங்க, என்-95 மாஸ்க், கிளவுஸ், முழுக்கைச் சட்டை போடுங்க. காஞ்ச எச்சத்தைத் துடைப்பத்தால கூட்டாதீங்க, வீட்டு வாக்யூம் கிளீனரும் வேண்டாம், ரெண்டும் தூசியைக் கிளப்பும். சோப்புத் தண்ணியை ஸ்ப்ரே பண்ணி நல்லா ஊற விட்டு வழிச்சு எடுத்து ரெண்டு கவர் போட்டுக் கட்டி குப்பைக்கு அனுப்புங்க. வேலைக்கு வர்ற அக்காகிட்ட மாஸ்க் கொடுக்காம இதைச் சொல்லாதீங்க. மூட்டைக்கணக்குல இருந்தா அனுபவம் உள்ள ஆளை வெச்சுப் பண்ணுங்க.

கூப்பிடற ஆள் சரியானவரான்னு தெரிஞ்சுக்க போன்லயே ரெண்டு கேள்வி போதும்: எந்த ஓட்டைல இருந்து வருதுன்னு எத்தனை மணிக்கு வந்து பார்ப்பீங்க, குட்டி இருந்தா என்ன பண்ணுவீங்க? பகல் பதினொரு மணிக்கு வர்றேன், ஒரே நாள்ல முடிச்சுடறேன், ஒரு வருஷம் கியாரண்டின்னு பதில் வந்தா அடுத்த நம்பருக்குப் போடுங்க.